பூமியை முதல் வாரமே இடித்துவிட்டால்



தொடர்கதை முடிகிற இதழ் கடைக்குப் போனதும் எங்களுக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். அதுவரை ஒரு வரிகூட எழுதாத வாசகர்கள் அந்த வாரம் பேனாவைத் திறப்பார்கள். இப்படி முடிப்பதற்கா இத்தனை மாதம் காக்க வைத்தீர்கள் என்று சிலர். இன்னும் நாலு வாரம் ஓட்டியிருக்கலாமே என்று சிலர். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவர் மொத்தக் கல்யாணத்துக்கும் தீர்ப்பு எழுதுவதுபோல, முடிவு சரியில்லை என்றால் முன்னால் நடந்த அத்தனையும் சரியில்லை என்றாகிவிடுகிறது. அது நியாயமோ இல்லையோ, நடப்பு அதுதான்.

இந்த இதழில் ஒலி நாடகங்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றைத் தயாரிக்க உட்கார்ந்தபோது ஆசிரியர் குழுவுக்குள்ளேயே ஒரு வழக்கு கிளம்பியது. அறிவியல் புனைகதை ஒலித்தொடர் ஒன்றின் கடைசிப் பகுதி நன்றாக வந்திருக்கிறதா, இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? சினிமா என்றால் கடைசி அரைமணி நேரத்துக்குக் கொட்டிய பணம் திரையிலேயே தெரிந்துவிடும். கேட்கிற கதையில் அந்த வசதி கிடையாது. பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் ஒரே ஒரு தொடரில் போய் நின்றது. அதற்கு இதுவரை நான்கு முடிவுகள் வந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இவ்வளவு வசதியான தொடர் வேறு எனக்குத் தெரியாது.

டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி'யைப் புத்தகமாகப் படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். படமாகப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். அது முதலில் பிறந்தது காதுக்காக. 1978 மார்ச் 8, புதன்கிழமை இரவு 10.30 மணிக்கு பிபிசி ரேடியோ 4 அதன் முதல் பகுதியை ஒலிபரப்பியது. நாவல் வந்தது அடுத்த ஆண்டு அக்டோபரில்தான். அந்த இரவு நேரத்தைக் கவனியுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டியவர்கள் தூங்கப் போகிற நேரம். பெரிய விளம்பரமும் இல்லை. நிலையத்தார் அதன்மேல் பெரிய பந்தயம் எதுவும் கட்டவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

ஆடம்ஸ் முதலில் யோசித்தது வேறொன்று. பூமியின் முடிவுகள் என்று பொருள்படும் தலைப்பில் ஆறு தனித்தனிக் கதைகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் பூமி ஒவ்வொரு விதமாக அழியும். முதல் கதையை எழுதும்போது, பூமியில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு வெளிக்கிரகத்தான் தேவைப்பட்டான். அவன் விண்மீன் மண்டலத்தைச் சுற்றி வருவோருக்கான ஒரு வழிகாட்டி நூலுக்குக் குறிப்பு எழுதுகிறவன் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். மற்ற ஐந்து அழிவுகளும் காணாமல் போயின. முடிவுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு, முடிக்கவே முடியாத ஒரு தொடர் வந்து வாய்த்தது. அவருடைய வாழ்நாளுக்குள் அது முடியவும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இங்கிலாந்தின் சாமானியன் ஆர்தர் டென்ட்டின் வீட்டைப் புறவழிச்சாலைக்காக இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. அதே வேளையில், விண்வெளிப் புறவழிச்சாலை ஒன்றுக்காகப் பூமியையே இடிக்க வோகான்கள் என்ற அதிகாரி வர்க்கத்து வெளிக்கிரகத்தார் வந்து நிற்கிறார்கள். நண்பன் ஃபோர்டு ப்ரீஃபெக்ட்தான் அந்த வழிகாட்டி நூலுக்கு எழுதுகிறவன் என்பது ஆர்தருக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. அவன் உதவியால் ஆர்தர் மட்டும் டிரெஸ்ஸிங் கவுனோடு தப்பிக்கிறான். பூமி போய்விடுகிறது. இத்தனையும் முதல் பகுதியிலேயே நடந்து முடிகிறது.

இங்கேதான் ஒலி நாடகத்தின் சூட்சுமம் இருக்கிறது. வானொலியில் ஒரு கிரகத்தை இடிப்பதற்கும் ஒரு கதவைத் தட்டுவதற்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். ஒரு சத்தம், அதற்குப் பின்னால் சிறிது நிசப்தம், அதைக் கேட்டு ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியம். ஆயிரம் கப்பல்கள் கொண்ட படையும் அப்படித்தான், கேட்பவரின் மனசுக்குள் இலவசமாக வந்து நின்றுவிடும். அதனால் ஒலியில் பெரிதாக முடிப்பது சாமர்த்தியமே கிடையாது. முதல் வாரத்தில் பூமியை இடித்துவிட்ட தொடர் ஆறாவது வாரத்தில் எதை இடிக்கும்? இரண்டு சூரியன்களையா? கேட்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். ஒரு ஒலித்தொடரின் கடைசிப் பகுதியை நான் எடைபோடும் தராசு இதுதான். எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. எந்த விஷயம் இவர்களுக்கு மலிவாகக் கிடைக்காதோ, அதைக் கொடுத்தார்களா என்று பார்க்கிறேன்.

அதற்காக அவர்கள் சத்தத்தில் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ராக் இசைத்தட்டு ஒன்றைப்போல அடுக்கடுக்காக ஒலிக்கவேண்டும் என்பது ஆடம்ஸின் ஆசை. முதல் பகுதியை சைமன் ப்ரெட் தயாரித்தார், மற்றவற்றை ஜெஃப்ரி பெர்கின்ஸ். ஒலி ஜாலங்களுக்கு பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் இருந்தது. முகப்பு இசையாக ஈகிள்ஸ் குழுவின் 1975 ஆல்பத்திலிருந்து ஒரு பாஞ்சோ இசைத்துண்டை எடுத்துக்கொண்டார்கள். வானொலி நகைச்சுவை என்றால் எதிரே ரசிகர்களை உட்கார வைத்துச் சிரிக்க வைத்துப் பதிவு செய்வதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் சிரிப்பொலியே வேண்டாம் என்றார்கள். குரலை இயந்திரக் குரலாகவோ அந்நியக் குரலாகவோ மாற்றவேண்டிய நடிகர்களை அலமாரி மாதிரியான இண்டு இடுக்குகளில் தனியே நிறுத்திப் பதிவு செய்தார்கள். உலகின் மிகச் சோகமான ரோபோவான மார்வினின் குரல் அப்படி ஒரு இடுக்கிலிருந்து வந்தது என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கதை சொல்லும் வழிகாட்டி நூலாகவே பேசிய பீட்டர் ஜோன்ஸ். எந்தப் பேரழிவையும் பதற்றமே இல்லாமல், ஏதோ ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல் சொல்லிக்கொண்டு போகும் குரல் அது.

இனி முதல் முடிவு. 1978 ஏப்ரல் 12 அன்று ஒலித்த ஆறாவது பகுதி.

அந்தச் சமயத்தில் ஆடம்ஸுக்குக் கை நிறைய வேலை. 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கும் எழுத ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் நண்பர் ஜான் லாய்டையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கடைசிப் பகுதியின் முதல் பாதியில் அந்த அவசரம் நன்றாகவே தெரிகிறது. நிமிஷத்துக்கு ஒரு வடிவம் எடுக்கும் ஓர் உயிரினத்தின் போர்க்கப்பலில் எல்லோரும் சிக்குகிறார்கள். ஆர்தரின் சக பயணிகளான ஸாஃபோட், ட்ரில்லியன், மார்வின் மூவரும் அதற்கு இரையாகிவிடுகிறார்கள். மூன்று முக்கியப் பாத்திரங்களை இவ்வளவு சுலபமாகக் கழித்துக்கட்டுவதை இன்றைக்கு எந்த எழுத்தாளர் செய்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் பகுதியைப் பிற்பாடு வந்த நாவலிலும் தொலைக்காட்சியிலும் ஆடம்ஸே தூக்கிவிட்டு வேறு கதை வைத்தார்.

ஆனால் ஆர்தரும் ஃபோர்டும் தப்பித்துப் போய் விழுகிற இடம் இருக்கிறதே, அங்கிருந்து நாடகம் வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. அது கோல்காஃப்ரிஞ்சம் என்ற கிரகத்தார் அனுப்பிய ஒரு கப்பல். தங்கள் உலகத்துக்குப் பிரயோஜனம் இல்லாதவர்கள் என்று முடிவுகட்டிய கூட்டத்தை, தொலைபேசியைத் துடைத்துச் சுத்தம் செய்கிறவர்கள், முடி திருத்துகிறவர்கள், விளம்பர நிறுவன நிர்வாகிகள் என்று மூன்றிலொரு பங்கு மக்களை, ஒரு பொய் சொல்லி ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கேப்டன் எந்நேரமும் குளியல் தொட்டியில் கிடக்கிறார். (குரல் கொடுத்தவர் டேவிட் ஜேசன். பின்னாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம்.) கப்பல் ஒரு கிரகத்தில் மோதுகிறது. இறங்கியதும் கமிட்டி போடுகிறார்கள். சக்கரத்தைக் கண்டுபிடிக்கும் வேலை, அதற்கு என்ன நிறம் அடிப்பது என்ற தீர்மானம் ஆகாததால் நிற்கிறது. இலையை நாணயம் என்று அறிவிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள். விலைவாசி எகிறுகிறது. அதைச் சரிக்கட்டக் காட்டைக் கொளுத்தத் திட்டம் போடுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரி பழசாகவில்லை.

அந்தக் கிரகம் கற்காலத்துப் பூமி என்பது ஆர்தருக்கு மெல்லப் புரிகிறது. இதற்குள் நமக்கு இன்னொன்று தெரியும். டீப் தாட் என்ற மாபெரும் கணினி 75 லட்சம் ஆண்டுகள் யோசித்து, வாழ்வு, பிரபஞ்சம், இன்ன பிற எல்லாவற்றுக்கும் விடை 42 என்று சொல்லிவிட்டது. கேள்வி என்ன என்பதைக் கண்டுபிடிக்கவே பூமி என்ற இன்னும் பெரிய கணினி கட்டப்பட்டது. ஒரு கோடி ஆண்டுக் கணக்கு முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில்தான் வோகான்கள் அதை இடித்தார்கள். அந்தக் கணினியின் தப்பிப்பிழைத்த ஒரு துண்டு ஆர்தரின் மூளை. அப்படியானால் கேள்வி அவன் தலைக்குள்தானே இருக்கவேண்டும்? அவன் கையால் செய்த ஸ்க்ராபிள் எழுத்துக்கட்டைகளைப் பைக்குள் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கிறான். ஃபோர்டு வாசிக்கிறான். ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் என்ன வரும் என்று அமைகிறது கேள்வி.

விடை தப்பு. அது தப்பாக இருப்பதற்குக் காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது: கணக்குக்காகப் பூமியில் வைக்கப்பட்ட கற்கால மனிதர்கள் ஓய்ந்துபோய், வந்து விழுந்த இந்தக் கமிட்டிக்காரர்களிடமிருந்துதான் ஆர்தரின் வம்சமே கிளைக்கப்போகிறது. கணினிக்குள் தப்பான உதிரிப் பாகம் நுழைந்துவிட்டது. 13-ஐ அடிமானமாக வைத்துக் கணக்குப் போட்டால் ஆறொன்பது 42 சரியாகவே வரும் என்று பிற்பாடு சில ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். அப்படியெல்லாம் யோசித்து எழுதவில்லை என்று ஆடம்ஸ் மறுத்துவிட்டார். மறுத்தது நல்லது. விடை சரியாகிவிட்டால் நாடகம் பாழ்.

இப்போது தராசை எடுங்கள். இந்த முடிவில் சத்தமே கிடையாது. ஒரு பை, சில கட்டைகள், இரண்டு நண்பர்களின் குரல். அவர்களைச் சுற்றி, என்றைக்கோ ஒரு வியாழக்கிழமை இடிபடப்போகும் பூமி பசுமையாக இருக்கிறது. அது அவர்களுக்கு மட்டும் தெரியும். ஆர்தருக்குத் தொலைந்த வீடு திரும்பக் கிடைத்துவிட்டது, வீடுகளும் சாலைகளும் முளைக்காத பழைய பதிப்பாக. அதற்குமேல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' எழுகிறது. முதல் பகுதியில் பூமி அழிந்தபோது நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். துக்கப்பட அவகாசம் தரவில்லை. ஐந்து வாரம் கழித்து, சிரிப்பு ஓய்ந்த இடத்தில், அந்தத் துக்கத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். மலிவாகக் கிடைக்காதது என்று நான் சொன்னேனே, அது இதுதான்.

இரண்டாவது முடிவு 1980-இல் வந்தது. தொடர் பெயர் வாங்கிவிட்டது. 1978 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு தனிப்பகுதி. பிறகு 1980 ஜனவரி 21 முதல் 25 வரை திங்கள் தொடங்கி வெள்ளிவரை தினம் ஒன்றாக ஐந்து பகுதிகள். அறிவிப்பு தடபுடலாக இருந்தது, எழுத்துதான் வந்து சேரவில்லை. ஆடம்ஸ் எதையும் நேரத்துக்குக் கொடுத்தவர் இல்லை. நடிகர்கள் பதிவுக்கூடத்தில் காத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. கலவை வேலை ஒலிபரப்பு வாரத்துக்குள்ளேயே நீண்டது. பத்திரிகைக்காரனாக எனக்கு அந்த வயிற்றெரிச்சல் நன்றாகப் புரிகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும்.

அந்தப் பன்னிரண்டாம் பகுதியில் பிரபஞ்சத்தை உண்மையில் ஆளுகிறவரைத் தேடிப் போகிறார்கள். அவர் ஒரு சிறு குடிசையில் பூனையோடு வாழும் கிழவர். தான் ஆள்கிறோம் என்பதுகூட அவருக்கு நிச்சயம் இல்லை. கண்ணால் பார்க்காத, காதால் கேட்காத எதையும் உண்டு என்று சொல்ல மாட்டார். யாராவது வந்து கேட்டால் ஏதோ பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒலி நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைவர் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் அவருக்கும் ஒரே நிலைதான், குரல்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. மார்வினாகப் பேசிய ஸ்டீஃபன் மூர்தான் இந்தக் கிழவரும். அந்த உரையாடல், ஐயமே இல்லாமல், தொடர் முழுவதிலும் மிகக் கெட்டிக்காரத்தனமான எழுத்து.

கெட்டிக்காரத்தனம் முடிந்ததும் கதையை முடிக்கவேண்டுமே. பூமியை இடிக்கச் சொன்னதன் பின்னணியில் மனநல மருத்துவர்கள் இருந்தார்கள், வாழ்வின் கேள்வி தெரிந்துவிட்டால் தங்கள் தொழில் படுத்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று தெரிகிறது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது ஸாஃபோட், யாரோ ரசிகர் ஆட்டோகிராஃப் கேட்கிறார் என்று நினைத்து. ஆர்தர் பொங்கி எழுந்து, கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். ஃபோர்டும் ஸாஃபோடும் குடிசை வாசலில் நிற்கிறார்கள். முடிந்தது. ஆர்தரின் கோபம் எனக்குப் பிடிக்கும், அத்தனை நாளும் தேநீர் கேட்டுப் புலம்பியவன் முதன்முறையாக எதையாவது செய்கிறான். ஆனாலும் இது தொங்கலில் நிற்கிற முடிவு. அடுத்த வாரம் வரும் என்று கேட்டவர்கள் காத்திருந்தார்கள். அந்த அடுத்த வாரம் வர 24 ஆண்டுகள் ஆயின.

இந்த இரண்டில் எது சிறந்தது என்று நாம் தலையை உடைத்துக்கொள்ளவேண்டியதில்லை, ஆடம்ஸே சொல்லிவிட்டார். வாயால் சொல்லவில்லை, கத்தரிக்கோலால் சொன்னார். அதே 1980-இல் இரண்டாவது நாவலை எழுதும்போது வானொலிக் கதையைக் கலைத்து அடுக்கினார். குடிசைக் கிழவர் முன்னால் வந்துவிட்டார். கற்காலப் பூமியும் ஸ்க்ராபிள் பையும் கடைசிக்குப் போயின. 1981 தொலைக்காட்சித் தொடரும் அங்கேயே முடிந்தது. எழுதியவர் கையிலேயே இரண்டு முடிவுகளும் இருந்தன. எது மேலே வரவேண்டும், எது அடியில் கிடக்கவேண்டும் என்று இரண்டு தடவை ஒரே தீர்ப்பைக் கொடுத்திருக்கிறார்.

இதுவரை எங்கள் குழுவில் ஒருமித்த கருத்துதான். வழக்கு வந்தது மூன்றாவது முடிவில்.

அதற்குப் போவதற்கு முன் வேறொரு தொடரைப் பற்றி இரண்டு வார்த்தை. பிக் ஃபினிஷ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1999 முதல் 'டாக்டர் ஹூ' கதைகளை ஒலி நாடகங்களாக வெளியிட்டு வருகிறது. பால் மெக்கன் நடித்த எட்டாவது டாக்டரின் வரிசை ஒன்று 2011-இல் 'டு த டெத்' என்ற பகுதியோடு முடிந்தது. டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகள் பூமியைப் பிடித்துக்கொள்ள, டாக்டரின் தோழி லூசி மில்லர் தன் உயிரைக் கொடுத்து அவர்களைத் தடுக்கிறாள். டாலெக் படையெடுப்பெல்லாம் எனக்கு நினைவில் தங்கவில்லை. பிளாக்பூல் பேச்சுவழக்கில் டாக்டரைச் சீண்டிக்கொண்டே இருந்த ஷெரிடன் ஸ்மித்தின் குரல் நின்றுபோனதுதான் தங்கியிருக்கிறது. கேட்கிற கதையில் ஒரு பாத்திரம் என்பதே அந்தக் குரல்தான். முகம் இல்லை, நிழல் இல்லை, அது நின்றால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. கிரகங்கள் மலிவு, குரல் விலை அதிகம். இரண்டு ஆண்டு கழித்து வந்த ஒரு குறும்படத்தில் அதே டாக்டர் இறக்கும் தறுவாயில் சொல்லும் பெயர்களில் லூசியும் இருக்கிறாள். கேட்டவர்கள் அவளை மறந்திருக்க மாட்டார்கள் என்று எழுதியவர் நம்பியிருக்கிறார்.

ஹிட்ச்ஹைக்கர்ஸ் திரும்பி வந்தபோது அந்த விலையைக் கதைக்கு வெளியே கட்டிவிட்டிருந்தது. 2000-இல் பீட்டர் ஜோன்ஸ் இறந்தார். 2001 மே மாதம் ஆடம்ஸ் 49 வயதில் போய்விட்டார். மீதி நாவல்களை வானொலிக்குக் கொண்டுவரும் பொறுப்பை, ஆடம்ஸே விரும்பித் தேர்ந்தெடுத்திருந்த டர்க் மாக்ஸ் ஏற்றார். 2004 செப்டம்பரில் தொடங்கி 2005 ஜூன் 21 வரை மூன்று கட்டமாகப் பதினான்கு பகுதிகள். பழையவற்றோடு சேர்த்து மொத்தம் 26. வழிகாட்டி நூலின் குரலாக வில்லியம் ஃப்ராங்க்ளின் வந்தார். ஆர்தராக அதே சைமன் ஜோன்ஸ், கால் நூற்றாண்டு முதிர்ந்த தொண்டையோடு. ஓரிடத்தில் ஆடம்ஸின் குரலே வருகிறது. ஒவ்வொரு பிறவியிலும் ஆர்தர் கையால் செத்துப் பழிவாங்கத் துடிக்கும் அக்ராஜக் என்ற ஜீவனுக்கு, தன் நாவலை அவர் வாசித்துப் பதிவு செய்திருந்த ஒலியிலிருந்து எடுத்துப் பொருத்தியிருந்தார்கள்.

ஐந்தாவது நாவலின் முடிவு கொடூரமானது. இணைப் பிரபஞ்சங்களில் உள்ள பூமிகள் உட்பட எல்லாப் பூமிகளும் துடைக்கப்படுகின்றன, ஆர்தர் கூட்டத்தோடு சேர்த்து. ஆடம்ஸுக்கே அதில் நிறைவு இல்லை. ஆறாவதாக ஒன்று எழுதி இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக முடிக்கலாம் என்ற எண்ணத்தைப் பேட்டிகளில் சொல்லியிருந்தார். அந்த எண்ணத்தை மாக்ஸ் நிறைவேற்றி வைத்தார் எனலாம். நாவலின் அழிவு அப்படியே நடக்கிறது. ஆனால் வானொலி அங்கே நிற்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. கடைசியில், காதுக்குள் இருந்து மொழிபெயர்த்துத் தரும் பேபல் மீன், அழிவு வரும் கணத்தில் தன்னைச் சுமப்பவரையும் தூக்கிக்கொண்டு தாவிவிடும் வல்லமை உடையது என்று தெரிகிறது. எல்லோரும் பிரபஞ்சத்தின் கோடியில் உள்ள மில்லிவேஸ் உணவகத்தில் சேர்கிறார்கள். ஆர்தர் தொலைத்த காதலி ஃபென்சர்ச்சும் அங்கே இருக்கிறாள். மார்வினும் இருக்கிறான்.

எங்கள் உதவி ஆசிரியை இதுதான் நான்கிலும் சிறந்தது என்கிறார். "அந்த மனுஷன் டிரெஸ்ஸிங் கவுனோட எவ்வளவு காலம் சார் அலையிறது? ஒரு வாய் சோறு நிம்மதியா சாப்பிடட்டுமே" என்பது அவர் வாதம். இது கதைக்கான முடிவு மட்டுமில்லை, எழுதியவருக்கும் பழைய குரல்காரர்களுக்கும் கொடுத்த வழியனுப்பு என்கிறார். இந்த இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிக் கேட்டால் எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

இருந்தாலும் நாடகமாக வைத்துப் பார்த்தால் என் ஓட்டு அதற்கு இல்லை. மீன் எல்லோரையும் தூக்கிக்கொண்டு தாவும் என்றால், இருபத்தாறு பகுதிகளிலும் எதுவுமே ஆபத்தாக இருந்திருக்கவில்லை என்று ஆகிறது. பல முடிவுகளை அடுக்கியதில் இன்னொரு சிக்கல். எது பிடிக்குமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர் கையில் கொடுப்பது உபசாரம்தான், ஆனால் முடிவு எடுக்கவேண்டிய வேலை நம்முடையது கிடையாது. 1978-இல் ஆர்தருக்குக் கிடைத்தது தப்பான கேள்வியும் தற்காலிகமான பூமியும். அதை வைத்துக்கொண்டு அவன் வாழப் பழகினான். 2005-இல் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. உதவி ஆசிரியை சொல்கிறார்: "உங்களுக்குச் சந்தோஷமா முடிஞ்சாலே பிடிக்காது சார்." அலுவலகத்தில் பெரும்பான்மை அவர் பக்கம்தான் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் ஒலிபரப்பு நடந்து சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 8 அன்று, ஓவன் கோல்ஃபர் 2009-இல் எழுதிய தொடர்ச்சி நாவலை வைத்து ஆறு பகுதிகள் தொடங்கின. 1978-இல் எழுத உதவிய ஜான் லாய்டே இந்தத் தடவை வழிகாட்டி நூலாகப் பேசினார். புதிய பதிப்பு வழிகாட்டிக்கு ஸ்டீஃபன் ஹாக்கிங் தன் கணினிக் குரலைக் கொடுத்திருந்தார். முதல் பகுதி ஒலித்த ஆறாம் நாள், மார்ச் 14 அன்று, அவர் காலமானார். தொடரில் நினைவில் நிற்பது அதுதான். மற்றபடி, முடிந்த கதையை மரியாதையாகத் திறந்து மரியாதையாகச் சாத்தியிருக்கிறார்கள்.

ஒரு நடைமுறை யோசனை. இவற்றைக் கேட்கப் போகிறவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடாதீர்கள். முதல் ஆறு பகுதிகளையாவது வாரம் ஒன்றாக, படுக்கப் போகும் நேரத்தில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். பூமி இடிபட்ட வாரத்துக்கும் பையிலிருந்து எழுத்துகள் வெளியே வரும் வாரத்துக்கும் நடுவே ஒரு மாதம் கடந்திருக்கவேண்டும். அந்த இடைவெளியும் நாடகத்தின் பகுதி. வாகனம் ஓட்டும்போது கேட்டுவிட்டு ஆறாவது பகுதி மொக்கை என்று எழுதினால் அந்தக் கடிதத்தை உதவி ஆசிரியையிடமே கொடுத்துவிடுவேன், அவர் அதை ஆதாரமாக வைத்துக்கொள்வார்.

கேட்டுவிட்டு 1978-ஆ 2005-ஆ என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் காலியாக வைத்திருக்கிறோம். அஞ்சலட்டை போதும், இன்லாண்டு என்றாலும் சரி. ஃபுல்ஸ்கேப்பில் இரண்டு பக்கமும் நிரப்பி ஓரத்திலும் எழுதுகிற நம் வழக்கமான நண்பர்கள் சற்று மனசு வைக்கவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்